பிலோமினா மிஸி மறைத்து வைத்த இரண்டு மருத்துவிச்சிகள்

எங்கள் பகுதியில் பிள்ளைப்பேறு பார்க்கும் இளம் மருத்துவமாதுக்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களில் கை நடுங்காமல் எழுதக்கூடியவள் நான்தான் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். போன கிழமை ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டது.

"அக்கா, எங்கட தொழிலுக்கு முன்னோடியா இருந்த ஒராளைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. படமும் இருந்தால் நல்லம்."

இரண்டு பேரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன்.

"தாராளமா எழுதுங்கோ. படம் அனுப்புவியளோ?"

படம் கிடையாது, அவர்கள் பாரவோன் காலத்தில் எகிப்தில் வேலை பார்த்தவர்கள் என்றேன். பிள்ளை படக் கதையை அதோடு விட்டுவிட்டது. பிறகு மிகவும் அன்பாக, "அக்கா, நீங்கள் சுகமா இருக்கிறியள்தானே?" என்று கேட்டது.

சுகமாகத்தான் இருக்கிறேன். மடத்துவெளியில் என் வீட்டில், என் குசினியில், என் கதிரையில் இருக்கிறேன். கனடாவில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரும் "வாங்கோ அம்மா, வாங்கோ அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பர்சில்லாய் என்ற கிழவர் சொன்ன பதிலைச் சொல்கிறேன். தாவீது அரசர் அரண்மனைக்கு வரும்படி அழைத்தபோது, எண்பது வயதில் எனக்குச் சாப்பாட்டின் ருசி தெரியுமா, பாட்டுத்தான் கேட்குமா, உமக்கு ஏன் நான் பாரமாக வரவேண்டும், என் ஊரில் சாகவிடும் என்று மறுத்தவர் அவர். எனக்கு எண்பதாக இன்னும் எவ்வளவோ இருக்கிறது, ருசியும் நன்றாகவே தெரிகிறது. ஆனால் கனடாக் குளிருக்கு அந்தப் பதில் போதும்.

நான் சமயத்தால் சைவக்காரி. வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தொடமாட்டேன். பழைய ஏற்பாட்டில் ஒரு மூலையில் கிடக்கும் பர்சில்லாய் எனக்கு எப்படித் தெரிய வந்தார் என்றால், எங்கள் மேற்பார்வை மருத்துவமாது பிலோமினா மிஸியால்தான். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அந்த இரண்டு எகிப்து மருத்துவிச்சிகளும் பிறகு வருவார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இடுப்பெலும்பு மாதிரி ஒன்றுக்குள்ளால் துணிப் பொம்மையை நுழைத்து எடுத்துப் பழகினோம். முதன்முதலாக உண்மையான ஒரு தாய் போட்ட சத்தத்தில் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. அதற்குப் பிறகு சண்டையும் இடப்பெயர்வுமாக ஊர் ஊராய் வேலை செய்தேன். எல்லாம் ஓய்ந்து தீவுப் பக்கம் திரும்பி வந்தபோது எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. கணவர் உயிரோடு இல்லை. பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருந்தன. எங்கள் மூவருக்கும் இருந்த ஒரே கொழுகொம்பு இந்த வேலைதான்.

பிலோமினா மிஸி ஊர்காவற்றுறைக்காரி. மெல்லிய உடம்பு, வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. கலியாணம் செய்யவில்லை. மழையோ வெயிலோ அந்தக் குடையை விரித்து நான் கண்டது குறைவு. குடையால் அவர் சுட்டிக் காட்டுவார். தாய்மாரை வரிசையில் நிறுத்துவதும், நாயைத் துரத்துவதும், எங்கள் பிழைகளைக் குத்திக் காட்டுவதும் அதனால்தான். எங்கள் படிவங்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் வாசிப்பார்.

"புவனேஸ், சுமார் பத்து மணி எண்டு எழுதியிருக்கிறீர். பிள்ளை சுமாராவோ பிறந்தது?"

மாதாந்தக் கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் பழைய ஏற்பாட்டுக்கு. அதிலும் மோசே, சாலமோன் போன்ற பெரிய ஆட்களை அவர் கிட்டவும் விடமாட்டார். "அவையளுக்குக் கோயிலிலையும் படத்திலையும் இடம் கிடக்கு. ஒரு மூலையிலை ஒரு வசனத்தோடை நிக்கிறவையைத்தான் நான் கூப்பிடுறது" என்பார். எங்களில் முக்கால்வாசிப் பேர் சைவர்கள். ஒருத்தியும் முகம் சுளித்ததில்லை. கோயிலில் புராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அதுவும் ஒரு கிளைக்கதையாகத்தான் பட்டது. போதாததற்குக் கூட்டத்தில் தேத்தண்ணி வருவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

ஒருநாள், அரண்மனைச் செவிலி ஒருத்தியைக் கொண்டுவந்தார். போரில் அரசன் செத்தான் என்ற செய்தி வந்ததும், ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள். ஓடிய அவசரத்தில் பிள்ளையைத் தவறவிட, அதன் இரண்டு காலும் முடமாகிப் போயின. பிள்ளையின் பெயர் மெபிபொசேத்து. செவிலியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

"அவவின்ர பிழை எழுதிக் கிடக்கு, பேர் எழுதேல்லை. அதுக்கு முதல் அஞ்சு வருஷம் அந்தப் பிள்ளையை விழாமல் வைச்சிருந்தவ. அதையும் ஒருத்தரும் எழுதேல்லை. எங்கட வேலையும் உதுதான் பிள்ளையள்" என்றார் மிஸி.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அந்த அறையில் பலர் இருந்தோம். யாரும் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. மிஸி குடையால் மேசையில் தட்டி, "சரி, தடுப்பூசிப் புத்தகத்தை எடுங்கோ" என்றார்.

இன்னொரு நாள் வந்தவள் ஒரு மருத்துவிச்சி. தாமார் என்பவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கும் நேரம், முதலில் ஒரு பிள்ளையின் கை வெளியே வந்ததாம். இதுதான் மூத்தது என்று அந்தக் கையில் சிவப்பு நூல் கட்டினாளாம் மருத்துவிச்சி. கை உள்ளே போய்விட்டது. மற்றப் பிள்ளை முந்திக்கொண்டு வந்துவிட்டது. இதை மிஸி எங்களுக்குப் பரீட்சைக் கேள்வி போலப் போட்டார்: அவள் செய்ததில் சரி எது, பிழை எது?

சரி, நடந்ததை நடந்த உடனேயே பதிந்தாள். பிழை, கை வந்தால் நூலைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. "கை வந்தால் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக உடனே வள்ளத்தைக் கூப்பிடவேணும். நூல் கட்டிக்கொண்டு நிண்டீரெண்டால் வேலை போகும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் எந்தக் காலத்தில் யாருக்கு நூல் கட்டினேன்? ஆனால் மிஸி எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தியைப் பார்த்துத்தான் சொல்வார். அந்த ஒருத்தி பெரும்பாலும் நானாக இருந்தேன்.

கதை சொல்வதற்கு அவருக்குக் கூட்டம் தேவை என்றும் இல்லை. நெடுந்தீவிலிருந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கால் முறிந்து குறிகட்டுவான் துறைக்கு வந்து சேர்ந்தாள். நல்ல கனமான மனுசி. கடல் வற்றியிருந்ததால் வள்ளம் துறைக்கு மிகவும் கீழே கிடந்தது. படியெல்லாம் பாசி. வள்ளக்காரர் அவளின் அக்குளுக்குள்ளால் கயிற்றைப் போட்டு மேலே தூக்க ஆயத்தமானார்கள். மிஸி குடையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"நிப்பாட்டுங்கோ! பழந்துணி எங்கை?"

"துணி என்னத்துக்கு மிஸி? கயிறு புதுசு, அறாது" என்றார் வள்ளக்காரர் ஒருவர்.

"கயிறு அறாது, ஆள் அறும்!"

பயணிகளின் துவாய்கள், யாரோ இடுப்பில் கட்டும் ஒரு பழைய சாரம், பையில் நான் வைத்திருந்த மாற்றுச் சேலை எல்லாம் பறிமுதலாயின. அவற்றை மடித்து அக்குளுக்குள் வைத்து, அதன் மேல் கயிற்றைப் போடச் செய்தார். செய்வித்துக்கொண்டே கதையும் தொடங்கிவிட்டது. எரேமியா என்ற இறைவாக்கினரைச் சேற்றுக் கிணற்றில் இறக்கிச் சாகவிட்டார்களாம். அரண்மனையில் வேலை பார்த்த எபேதுமெலேக்கு என்ற எத்தியோப்பியன் அரசனோடு பேசி, அவரைத் தூக்க அனுமதி வாங்கினானாம். போகிற வழியில் சாமான் அறைக்குள் புகுந்து, கிழிந்த துணிகளைப் பொறுக்கிக்கொண்டு போய், அக்குளுக்குள் வைத்துக்கொள்ளும் என்று கிணற்றுக்குள் விட்டானாம்.

"எரேமியாவை எல்லாருக்கும் தெரியும். பழந்துணியை நினைச்சவனை ஆருக்குத் தெரியும்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் மிஸி.

துறையில் நின்ற ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கயிற்றில் பாதி தூரம் வந்திருந்த மனுசிதான் பதில் சொன்னாள்: "மிஸி, கதை முடிஞ்சுதெண்டால் என்னை ஒரு கதிரையிலை இருத்துங்கோ."

இப்படி எங்களுக்குக் கிடைத்த அறிவு சாதாரணமானதல்ல. ஒருமுறை ஊர்காவற்றுறைப் பக்கம் கோயில் திருநாளில் பாதர் ஒருவர் வேதாகமக் கேள்விகள் கேட்டார். எபேதுமெலேக்கு யார் என்றதும் சனம் ஒன்றையொன்று பார்த்தது. மிஸிக்குத் துணையாகப் போயிருந்த நான், நெற்றியில் திருநீற்றோடு எழும்பிப் பதில் சொன்னேன். பாதர் வியந்து போய், "நீங்கள் எப்ப ஞானஸ்நானம் எடுக்கிறதா உத்தேசம்?" என்றார். "நயினாதீவு அம்மனிட்டைக் கேட்டுச் சொல்லுறன் பாதர்" என்றேன். மிஸி குடைக்குப் பின்னால் சிரித்தது எனக்குத் தெரியும்.

இனி ஜெயராணிக்கு வருகிறேன்.

எழுவைதீவும் என் பொறுப்பில் இருந்தது. சின்னத் தீவு, கடற்றொழில் செய்யும் குடும்பங்கள், போக வர வள்ளம் ஒன்றுதான். பிள்ளைப்பேறு வீட்டில் நடக்கக்கூடாது என்பது எங்களுக்கு இருந்த கண்டிப்பான விதி. பிள்ளை பிறக்கும் நாளுக்கு இரண்டு கிழமை, பதினான்கு நாள், முன்பே தாயை அக்கரைக்குக் கூட்டிவந்து, உறவினர் வீட்டிலோ ஆசுபத்திரியிலோ வைத்திருக்கவேண்டும். தவிர்க்க முடியாமல் வீட்டில் பார்க்க நேர்ந்தால் மேலிடத்தைக் கேட்டு அனுமதி பெறவேண்டும். தனியாகத் தீர்மானிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அந்த இரண்டு கிழமை எழுவைதீவுப் பெண்களுக்கு வேப்பங்காய். ஆட்டை யார் அவிழ்த்துக் கட்டுவது, மனுசனுக்கு யார் சமைப்பது, மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆகவே கடைசி மாதவிடாய் வந்து குளித்த திகதியைக் கேட்டால் இரண்டு கிழமை பிந்தித் தள்ளிச் சொல்வார்கள், நாங்கள் கூட்டிப்போக வருமுன் வீட்டிலேயே பெற்றுவிடலாம் என்று. எனக்கு அது தெரியும். அவர்கள் சொல்லும் திகதியில் சத்தமில்லாமல் இரண்டு கிழமை கழித்துப் பதிந்துவிடுவேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

ஜெயராணிக்கு அது மூன்றாவது பிள்ளை. மிட்வைப் அக்கா இரண்டு கிழமை கழிக்கிறா என்பதை முதல் இரண்டு பிள்ளைகளில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஆகவே இந்தமுறை ஒரு மாதத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டாள். வயிறு பெரிதாக இருக்கிறதே என்றால், "எங்கட பரம்பரையே பெரிய பிள்ளையள்தான் அக்கா" என்பாள். ஸ்கான் எடுக்கப் போகச் சொன்னால் கடல் சரியில்லை என்பாள். நானும் சரியென்று விட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

கார்த்திகை மாதம், கிளினிக் நாள். காலை வள்ளத்தில் நான் போய் இறங்கிய கையோடு வாடைக்காற்று எழும்பிவிட்டது. ஜெயராணியின் புருஷன் ஓடி வந்தான். போய்ப் பார்த்தால் அவள் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"உனக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கெண்டு சொன்னனீ?"

"குறை நினையாதையுங்கோ அக்கா. ஒரு மாசம் கூட்டிப்போட்டன்."

பேசுவதற்கு நேரமில்லை. சோதித்துப் பார்த்தேன். பிள்ளையின் தலை நன்றாக இறங்கியிருந்தது. கைத்தொலைபேசியை எடுத்தேன், சிக்னல் ஒரு கோடும் இல்லை. துறைமுனைக்கு ஓடினேன். அந்தத் தீவில் கொஞ்சமாவது எடுக்கும் இடம் அதுதான். அங்கேயும் இல்லை, காற்றில் தொலைபேசிக் கோபுரம் செத்துவிட்டது. வள்ளக்காரர் அந்தோனி அண்ணை தன் வள்ளத்தை இரட்டைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஜெயராணியை ஏத்தினால் கொண்டுபோவியளோ?"

அவர் கடலைப் பார்த்தார். "நீங்கள் ஏத்தச் சொன்னால் ஏத்துறன் மிட்வைப். எத்தினை பேரை ஏத்துறன் எண்டு சொல்லலாம். எத்தினை பேரை இறக்குவன் எண்டு சொல்ல ஏலாது."

விதி வள்ளத்தில் ஏற்று என்றது. கடல் ஏற்றாதே என்றது. ஒருவரையும் கேட்க வழியில்லை. ஏற்றுவதில்லை என்று நானே முடிவெடுத்தேன். துறைமுனையிலிருந்து அந்த வீட்டுக்குத் திரும்பி நடந்த தூரம்தான் என் வாழ்நாளில் நான் நடந்த மிக நீண்ட தூரம்.

தண்ணீர் கொதிக்க வைத்தோம். முழங்கை வரை கழுவினேன். பாய்க்கு மேல் பொலித்தீன் விரிப்பு, அதற்கு மேல் சுத்தமான துணி. கத்தரிக்கோல், கிளாம்ப், பஞ்சு எல்லாவற்றையும் மிஸி பழக்கிய ஒழுங்கில், இடமிருந்து வலமாக வைத்தேன். முற்பகல் பதினொன்று இருபதுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சுமார் இல்லை, பதினொன்று இருபது. நன்றாக அழுதது.

நச்சுக்கொடியும் முழுதாக வந்தது. அதற்குப் பிறகுதான் இரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டேன். பிள்ளையை முலையில் பிடித்துவைத்தேன். அடிவயிற்றில் கையை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கைக்குள் அது மா உருண்டை போலத் தொய்ந்து கிடந்தது. ஜெயராணியின் முகம் வெளுத்துக்கொண்டு போனது. "அக்கா, ஆட்டை அவிட்டுக் கட்டச் சொல்லுங்கோ" என்றாள். சாகப்போகிறவள் ஆட்டைப் பற்றிப் பேசுவாளா என்று நினைத்தேன், பேசுவாள் என்றும் நினைத்தேன். எனக்குத் தெரிந்த அம்மன் எல்லாரையும் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் தேய்த்தேன் என்று அப்போது தெரியவில்லை, கடிகாரம் இருபத்தைந்து நிமிடம் என்றது. கர்ப்பப்பை கல்லுப் போல இறுகியது. இரத்தம் நின்றது. நான் சுவரோடு சாய்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள்.

அடுத்த நாள் காற்று தணிந்ததும் தாயையும் பிள்ளையையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டு பேருக்கும் குறையில்லை என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் படிவத்தோடு இருந்தேன். நடந்ததை எழுதினால், அனுமதி இல்லாமல் வீட்டில் பிள்ளைப்பேறு பார்த்தேன், தாய் சாகக் கிடந்தாள் என்றாகும். வேலை போய்விடும். என் பிள்ளைகளை நினைத்தேன். பேனை தானாக எழுதியது: "நான் வீட்டை அடையும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டது."

இரண்டு நாளில் மிஸி எழுவைதீவுக்கே வந்துவிட்டார். கடலைக் கண்டாலே வாந்தி எடுப்பவர் அவர். வள்ளத்தால் இறங்கும்போது முகம் பச்சையாக இருந்தது. நேரே ஜெயராணி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் துணியை விலக்கினார். கொப்பூழில் கிளாம்ப் இரண்டு விரல் அகலத்தில், அளவெடுத்தது போல இருந்தது.

"மிட்வைப் வரேக்கை பிள்ளை எங்கை கிடந்தது?" என்று ஜெயராணியைக் கேட்டார்.

"பாயிலை மிஸி."

"ஆர் கொப்பூழ் வெட்டினது?"

"மாமி."

மிஸி மாமியாரின் பக்கம் திரும்பினார். "எனக்குக் கண் தெரியாது பிள்ளை, நான் ஒண்டையும் காணேல்லை" என்றார் மாமியார்.

"கண் தெரியாத மனுசி ரெண்டு விரல் அகலத்திலை கிளாம்ப் போட்டிருக்கிறா. நல்லது" என்று சொல்லி, மிஸி என்னைத் துறைமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"உதை எங்கை வாசிச்சனீர்?"

"எதை மிஸி?"

"நீர் எழுதின பொய்யை."

"நான் ஒண்டும் வாசிக்கேல்லை. நானா எழுதினது."

மிஸி ஒரு கல்லில் இருந்தார். எகிப்தில் இரண்டு மருத்துவிச்சிகள் இருந்தார்கள், பெயர் சிப்ரா, பூவா என்றார். எபிரேயப் பெண்களுக்கு ஆண் பிள்ளை பிறந்தால் அங்கேயே கொன்றுவிடும்படி பாரவோன் அவர்களுக்குக் கட்டளை போட்டானாம். அவர்கள் செய்யவில்லை. கூப்பிட்டுக் கேட்டபோது, எபிரேயப் பெண்கள் எங்களுக்குக் காத்திருப்பதில்லை, நல்ல பலசாலிகள், நாங்கள் போய்ச் சேருமுன்பே பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தினை வருஷமாக் கண்ட நிண்ட ஆக்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தியள். எங்கட தொழில்காரர் ரெண்டு பேரையும் மட்டும் ஏன் மிஸி ஒளிச்சு வைச்சியள்?"

"சொன்னால் அடுத்த மாசமே எல்லாரும் உதை எழுதுவியள். எங்கட தொழிலிலை தப்பிறதுக்கு உதைவிட நல்ல சாட்டு இல்லை. நீர் சொல்லாமலே கண்டுபிடிச்சிட்டீர்."

"பாரவோன் நம்பினவனோ?"

"நம்பியிருக்கமாட்டான். ஆனா பிள்ளைப்பேத்து அலுவல் அவனுக்கு என்ன தெரியும்? அதுக்கு மேலை கேக்க வெக்கப்பட்டிருப்பான்." அதன் பிறகு மிஸியின் குரல் மாறியது. "ஆனா புவனேஸ், அவையள் பிள்ளையளைக் காப்பாத்தப் பொய் சொன்னவை. நீர் வேலையைக் காப்பாத்தச் சொல்லியிருக்கிறீர். ரெண்டும் ஒண்டோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த வேலையிலைதானே மிஸி என்ர பிள்ளையள் சாப்பிடுதுகள்? அதுகளும் பிள்ளையள்தானே?"

மிஸி கைப்பையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். "நடந்ததை நடந்த மாதிரி எழுதும். நீர் நல்ல வேலை செய்திருக்கிறீர். அதை நீரே அழிக்கக்கூடாது."

அழுதுகொண்டே எழுதினேன். திகதிப் பிழை, காற்று, பதினொன்று இருபது, இருபத்தைந்து நிமிடம், எல்லாம் எழுதினேன். மிஸி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். அனுமதி வழங்கியவர் என்ற கட்டத்தில், தொலைபேசி மூலம் தன்னால் அனுமதி வழங்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"மிஸி, அண்டைக்குப் போன் வேலை செய்யேல்லை!"

"உம்மட இடத்திலை நீர் எழுதியாச்சு. இது என்ர இடம்."

வாழ்நாளில் சுமார் என்ற சொல்லுக்கே இடம் கொடாத மனுசி அவர்.

விசாரணை வரத்தான் செய்தது. வந்தவர் நிருவாகப் பகுதி அதிகாரி ஒருவர். கூச்சமான மனிதர். ஏன் வள்ளத்தில் ஏற்றவில்லை என்று கேட்டதற்கு மிஸி விளக்கம் கொடுக்கத் தொடங்கினார். தலை எவ்வளவு இறங்கியிருந்தது, நச்சுக்கொடி எப்படி வந்தது, இரத்தம் எத்தனை துணியை நனைத்தது என்று ஒன்றையும் விடவில்லை. குடை நுனியால் காற்றில் படமும் வரைந்தார். அதிகாரி தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "காணும் மிஸி, காணும்" என்று என் பக்கம் திரும்பினார்.

"ஒரேயொரு கேள்வி. அண்டைக்குக் கடும் காத்து. நீங்கள் உண்மையிலை இவவோடை போனிலை கதைச்சனீங்களோ?"

மிஸி என்னைப் பார்க்கவில்லை. இல்லை என்றால் நான் உண்மைக்காரி, அவர் பொய்க்கையெழுத்து வைத்தவர்.

"ஓம் ஐயா. துறைமுனையிலை நிண்டால் ஒரு கோடு வரும்" என்றேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு விஷயம் முடிந்தது. வெளியே வந்ததும் மிஸி என் மேல் பாய்ந்தார்.

"உம்மை ஆர் பொய் சொல்லச் சொன்னது? இல்லை எண்டு சொல்லியிருக்கவேணும். நான் ரெண்டு வருஷத்திலை பென்சனிலை போறவள். உமக்கு இன்னும் எத்தினை வருஷம் கிடக்கு! உம்மட வாயிலை பொய் வரக்கூடாதெண்டுதானே நான் எழுதினனான்?"

அவர் அழுததை அன்றுதான் கண்டேன்.

"சிப்ரா ஒண்டு சொல்ல, பூவா வேறை ஒண்டு சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் மிஸி?" என்றேன்.

அழுகைக்குள்ளேயே சிரித்துவிட்டார். குடையால் என் காலில் ஒரு தட்டுத் தட்டினார். அது வலித்தது.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு, பொய் எழுதிய பாவத்தோடு வாங்கக்கூடாது என்று, அவர் கோயிலில் நற்கருணை வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சைவக்காரிக்காக அவர் தன் சாமியிடமிருந்து தள்ளி நிற்கிறாரே என்றிருந்தது. நாலாம் ஞாயிறு பாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். பாதர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "சிரிச்சவர்" என்று மட்டும் சொன்னார். முகத்தில் சரியான ஏமாற்றம். பெரிய தண்டனையாக எதிர்பார்த்துப் போயிருப்பார் போல.

அந்த நாளிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை எந்தப் படிவத்திலும் பொய் எழுதவில்லை. பிள்ளைகளே, நீங்களும் இதை வாசித்துவிட்டு நாளைக்கே அந்தப் பொய்ச்சாட்டை எழுதத் தொடங்கிவிடாதீர்கள். மிஸி பயந்தது அதற்குத்தான்.

மிஸி காலமாகி ஒரு வருடமாகிறது. இனி இதனால் யாருக்கும் தொல்லை வராது, வந்தால் எனக்குத்தான் வரும், வரட்டும். எங்கோ ஓர் அலுமாரிக்குள் அந்தப் படிவம் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். என் கையெழுத்தில் உள்ளதெல்லாம் உண்மை. அனுமதி வழங்கியவர் என்ற கட்டத்தில் மட்டும் திருத்தம் செய்யவேண்டும். அன்று எழுவைதீவில் தொலைபேசி எடுக்கவில்லை. பிலோமினா மிஸி எனக்கு அனுமதி தரவில்லை. அவர் மட்டுமல்ல, யாரும் தரவில்லை. நானாகத்தான் செய்தேன்.